நியேவெஸுக்கு ஒரு வாழ்த்து

தெருத் திருவிழாவில் பாட்டுப் போடும் எவரிஸ்தோ மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது நான், சோள மாவை இலையில் கட்டி அவிக்கும் தமாலே அண்டாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்ததால் எதிரே எதுவும் தெரியவில்லை. காதில் மட்டும் விழுந்தது.

"இன்னிக்கு நாமத் திருநாள் கொண்டாடுற நியேவெஸுக்கு ஒரு வாழ்த்து! பூயெப்லா மாநிலம், சாந்தா மரியா தெபெத்லா ஊரு நியேவெஸ்! அவங்க மக சித்லாலிக்கும் சேத்து! ஃபிலடெல்ஃபியா ஒம்பதாந்தெரு, தோன்யா எதெல்வினா தமாலே கடையிலேருந்து மனசார வாழ்த்துறது யாரு? நம்ம தோன் அனாக்லேதோ... தோ... தோ... தோ!"

கடைசி எழுத்தை எதிரொலிக்க விடுவது அவன் வழக்கம். அமுங்கியிருந்த கும்பியா பாட்டு மறுபடி மேலே ஏறியது. தெருவே கைதட்டியது. தோன்யா எதெல்வினா என்றது என்னைத்தான்.

ஆவி விலகியதும் பக்கத்தில் நின்ற, கடையில் எனக்கு உதவும் ரூபினாவைப் பார்த்தேன். கையில் சோள இலைக்கட்டு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

"அக்கா, அந்தப் பேரு எப்படி வெளிய வந்துச்சு?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் மெக்சிகோவிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தபோது அவள் ரூபினா என்றுதான் சொன்னாள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் வேலைக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் வைத்திருப்பவர்கள். ஓட்டலில் தட்டுக் கழுவும்போது ஒருவனாக இருப்பவன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இன்னொருவனாக இருப்பான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இவள் பெயரை மாற்றிக்கொண்டது வேலைக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். அவள் மகள் சித்லாலியின் புதுநன்மைச் சடங்குக்கு நான்தான் ஞானத்தாய். அதற்கு முந்தின வாரம் என் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் நிஜப்பெயர் நியேவெஸ். பனிமய மாதாவின் பெயர். புருஷன் ஹெர்மிலோ. அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே நேராக நீளாது. அது அவன் செய்த காரியம். கடைசியில் குழந்தையின் மேலும் கைவைத்தான். அதற்கு அடுத்த சந்தை நாளில், நடுப்பகலில், அவன் குடித்துவிட்டு முற்றத்து நிழலில் கிடந்தபோது இவள் கிளம்பினாள். வாசலுக்குப் போக அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். அவனைவிட நாயை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். காபுலின் என்று ஒரு கருப்பு நாய். இலை விழுந்தாலும் குரைக்கும். ஆனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் கால் வைத்தபோது நாயைக் காணவில்லை.

"அது எங்க போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியலக்கா. மாதாதான் அன்னிக்கு அத எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டா" என்று சொன்னாள்.

மாமியார் காஸ்துலா அப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாளாம். அந்தம்மா ஒரு நாளும் மகனைத் தடுத்ததில்லை. அடி விழ ஆரம்பித்தால் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அதைச் சொன்னபோதுதான் நியேவெஸ் அழுதாள். கையைப் பற்றிச் சொன்னபோது அழவில்லை.

போன வருஷம் ஒரு செய்தி வந்தது. ஹெர்மிலோவும் எல்லை தாண்டி வந்துவிட்டான். நியூ பிரன்ஸ்விக்கில் கூரை வேலை செய்கிறான். எங்கள் தெருவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துத் தூரம். பூயெப்லாக்காரர்கள் யாரைக் கண்டாலும் போட்டோவைக் காட்டி விசாரிக்கிறான். அன்று முதல் அவள் யார் கைபேசியிலும் தன் முகம் விழாமல் பார்த்துக்கொண்டாள். பிறந்தநாள் வீட்டில்கூட கேக் வெட்டும் நேரம் பார்த்துச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

இதில் ஒரு சொல்லையும் நான் என் கணவர் அனாக்லேதோவிடம் சொல்லவில்லை. நல்ல மனுஷர். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்வதும் எவரிஸ்தோவின் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைக்கு வந்தார். கையில் ஒரு கொத்து வெள்ளைப் பூ.

"எப்படி இருந்துச்சு? முகத்தப் பாரு, பேச்சே வரல பொண்ணுக்கு!"

"யாருய்யா சொன்னா உனக்கு அந்தப் பேர?" என்றேன்.

"சித்லாலிதான். ரூபினான்னு காலண்டர்ல ஒரு புனிதரும் இல்லையே, உங்கம்மாவுக்கு நாமத் திருநாளே கெடையாதாடீன்னு கேட்டேன். அம்மாவோட நெஜப் பேரு பனிமய மாதா பேரு, ஊரு தெபெத்லா, ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னா. சரிதான், நம்ம தெருவுல யாரு சொல்றா? வேலைக்கு ஒரு பேரு இருக்கும், அதுக்கென்ன. இன்னிக்குத் தேதி அஞ்சு. ஆகஸ்டு அஞ்சு, பனிமய மாதா திருநாள்! பொய்ப்பேர்ல வாழ்த்துச் சொன்னா மாதாவுக்குப் போய்ச் சேருமா? வருஷா வருஷம் மைக்குல எல்லார் பேரும் வருது. இந்தப் பொண்ணு பேரு ஒரு தடவகூட வந்ததில்ல. எனக்கு மனசு கேக்கல."

அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் தெருத் திருவிழாவில் சுவரில் ஓவியம் வரைகிறார்கள், முகமூடி ஆட்டம் நடக்கிறது, பிள்ளைகள் கவிதை வாசிக்கிறார்கள். ஆனால் ஜனம் மொய்ப்பது எவரிஸ்தோவின் 'மின்னல்' சவுண்ட் சர்வீஸைச் சுற்றித்தான். வாழ்த்தைக் கைபேசித் திரையில் பெரிய எழுத்தில் போட்டு அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். அவன் பாட்டை அமுக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்வான். அது அப்படியே நேரலையில் ஊருக்குப் போகும். ஊரில் அம்மாமார்கள் கைபேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு மகன் பெயர் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பெயர் வராதவர் திருவிழாவுக்கே வராதவர் கணக்கு.

"நேரலையில போச்சா?" என்று நியேவெஸ் கேட்டாள்.

"போகாம? தெபெத்லாவே பாத்துக்கிட்டுதான் இருக்கு!"

இலைக்கட்டு அவள் கையிலிருந்து நழுவியது. அடுத்த நொடி அவள் கூட்டத்துக்குள் இருந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"என்ன ஆச்சு? ஏய், என்னாச்சுன்னு சொல்லிட்டுப் போங்கடீ!" என்று அனாக்லேதோ கத்தினார்.

"அடுப்ப அணைச்சுட்டு, வாய மூடிக்கிட்டு அங்கயே நில்லு!"

எவரிஸ்தோ தன் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே கோபுரத்தில் உட்கார்ந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்கக்கா! அண்ணன் ஆசைய நிறைவேத்திட்டேன்ல?"

"எவரிஸ்தோ, அத அழிச்சிடு. இப்பவே."

"எத அழிக்க? சொன்னது சொன்னதுதான், ஊருக்கே போயிடுச்சு. பாருங்க, பதில்கூட வந்துருக்கு. 'எந்த நியேவெஸ், எங்கண்ணன் ஹெர்மிலோ பொண்டாட்டியா, எங்க இருக்கா?'ன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. ஒம்பதாந்தெரு, தமாலே கடை, சாயங்காலம் ஏழு வரைக்கும் திருவிழா, சொந்தக்காரங்க எல்லாரும் வாங்கன்னு நானே மைக்குல சொன்னேனே, கேக்கலியா?"

பேச்சிலும் ஓட்டத்திலும் அது எங்கள் காதில் விழவில்லை. நியேவெஸ் அவன் முன்னாலிருந்த திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுடைய கொழுந்தனின் பெயரும் அவன் கேள்வியும் இருந்தன. அதற்குக் கீழே அவனே மறுபடி எழுதியிருந்தான்: 'அண்ணனுக்குப் போன் போட்டாச்சு. வண்டியை எடுத்துட்டார்.' பக்கத்தில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக இருந்தன. யார் யாரோ அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். பிரிந்த குடும்பம் சேரப்போகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது.

எவரிஸ்தோவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனாக்கா?"

நாங்கள் அதற்குள் கடைப் பக்கம் ஓடினோம்.

எங்கள் வேன் கடைக்குப் பின்னால்தான் நின்றது. அதன் முன்னால் ஓவியக்காரர்களின் சாரம், பின்னால் மேடை, தெருவின் இரு முனையிலும் இரும்புத் தடுப்பு. ஏழு மணிக்கு முன்னால் அதை நகர்த்த முடியாது. தடுப்பருகே ஒரு போலீஸ்காரி நின்றாள். சோளக்கதிர் தின்றுகொண்டு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நல்லவளாகத்தான் தெரிந்தாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று நான் ஒரு கணம் நின்றேன். நியேவெஸ் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த வசந்தத்தில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி புருஷன் அடிக்கிறான் என்று போலீசைக் கூப்பிட்டாள். பெயரைக் கேட்டார்கள், பிறகு குடியேற்றத் தாளைக் கேட்டார்கள். இப்போது அவள் குவாதமாலாவில் இருக்கிறாள், பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

"ரயிலப் புடிச்சு பஸ் ஸ்டாண்டு போயிடறேன். எந்த பஸ்ஸு வந்தாலும் ஏறிடறேன். மொதல்ல பாப்பா வேணும்" என்றாள் நியேவெஸ்.

பாப்பா முகமூடி ஆட்டத்தில் இருந்தாள்.

பக்கத்து ஊரான நாரிஸ்டவுன் குழுவும் எங்கள் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் ஊர்வலம் அது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெல்வெட் அங்கி, இறகுத் தொப்பி, ரோஸ் நிற முகத்தில் தாடி வைத்த கிழவன் முகமூடி. தலைவர் விசில் ஊதும்வரை முகமூடியைக் கழற்றினால் அவமானம். முகமூடிக்குள் இருக்கிறவர் பெயருக்குத் திரும்பவும் கூடாது. சொந்தக் குரலில் பேசவும் கூடாது. கீச்சுக்குரலில் கேலிதான் பேசலாம். பெற்றவர்களே கூப்பிட்டாலும் அப்படித்தான்.

நியேவெஸ் பிள்ளைகள் வரிசைக்குள் நுழைந்தாள். மேளம் காதைக் கிழித்தது. சுற்றிலும் கைபேசிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. மகளின் பெயரை வாய்விட்டுக் கூப்பிட அவளால் முடியவில்லை. அந்தப் பெயரையும்தான் எவரிஸ்தோ ஊருக்குச் சொல்லிவிட்டானே. ஒவ்வொரு முகமூடியாகக் குனிந்து, "அம்மாடீ. நான்தான்" என்றாள்.

"நான் உன் பாட்டன்!" என்று ஒரு முகமூடி கீச்சிட்டது.

"அம்மாடீ, கண்ணு."

"எனக்கு நூறு வயசு! எங்கம்மா செத்தே போயிட்டா!"

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தாய் மகளைத் தேடித் தோற்பது எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிற வேடிக்கை. அவளும் வேடிக்கைக்காகத்தான் தேடுகிறாள் என்று நினைத்தார்கள். ஒருவர், "விடாத, புடி, அந்தக் குட்டையன்தான்!" என்று உற்சாகப்படுத்தினார். அரை மணி நேரமாக அவள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். முகமூடிகள் சுற்றிச் சுற்றி இடம் மாறிக்கொண்டிருந்தன. பார்த்த முகத்தையே மறுபடி பார்த்தாள். ஒரு கட்டத்தில் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். கிழவன்கள் அவளைச் சுற்றி வட்டமிட்டு ஆடினார்கள்.

பிறகு அவள் முகங்களை விட்டுவிட்டுக் கீழே பார்க்க ஆரம்பித்தாள். சித்லாலியின் அங்கியை அவளே தைத்தாள். சிவப்பு நூல் தீர்ந்துபோய் ஓரத்தை நீல நூலால் முடித்திருந்தாள். அந்த நீலம் ஒரு திருப்பத்தில் பளிச்சென்று வந்தது. அவள் பாய்ந்து தோளைப் பிடித்தாள்.

"விடு கிழவி! எனக்குக் கல்யாண வேலை கிடக்கு!" என்று அது கீச்சுக்குரலில் துள்ளியது.

நியேவெஸ் அதன் காதில் சொன்னாள்: "அப்பா வர்றாரு."

துள்ளல் நின்றது. தாடி வைத்த அந்தச் சிரித்த முகத்துக்குள்ளிருந்து எட்டு வயதுக் குரல் கேட்டது: "எந்தப் பக்கம் வர்றாரு?"

மூவரும் நடந்தோம். ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள். ரயிலடிக்குப் போக எவரிஸ்தோவின் பெட்டிகளைக் கடந்துதான் போகவேண்டும். நாங்கள் அதன் எதிரே வந்தபோது பாட்டு திடீரென்று நின்றது. அவன் குரலில் பழைய துள்ளல் இல்லை.

"ஒரு வாழ்த்து வந்துருக்கு. எனக்கு அர்த்தம் புரியல. தெபெத்லாவுலேருந்து ஒரு சின்னப்பொண்ணு கணக்குலேருந்து வந்துருக்கு, ஆனா எழுதுனது பெரியவங்கபோல. மூணு தடவ அனுப்பிட்டாங்க, படிச்சே ஆகணுமாம். அப்படியே படிக்கிறேன், கேளுங்க. 'காபுலினைச் சமையலறையில் அடைத்து வைத்தவள் எழுதுகிறேன். பனிமய மாதா பெயர் கொண்டவளுக்கு வாழ்த்து. ரயிலடியில் வெயில் அதிகம். என் தங்கை மகன் அங்கே நின்று காய்கிறான், பாவம், அவனுக்கும் ஒரு வாழ்த்து. நீ வேறு வழியில் நடந்து போ, மகளே. இங்கே ரேடியோ சத்தமாக இருக்கிறது.'"

"காபுலின் யாருப்பா, மாப்பிள்ளையா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "சமையலறையில அடச்சு வெச்சா எந்த மாப்பிள்ளைதான் இருப்பான்!" என்றான் இன்னொருவன். தெரு முழுக்கச் சிரிப்பு. பாட்டு திரும்ப வந்தது.

நியேவெஸ் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு," என்றேன். "ரயிலடியில ஆள் நிறுத்திட்டான். வேற வழி பாக்கலாம்."

"வலையா இருக்கும்க்கா. அந்தம்மா அவனப் பெத்தவ. அடிக்கறப்ப ரேடியோ வெச்சவ. ரயிலுக்குப் போகாதன்னு சொல்லி, இங்கயே நிக்கவெச்சு, அவன் வந்து..."

"அப்ப ரயிலுக்கே போறியா?"

அவள் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். சரியான பக்கம் போனால் பிழைப்பு, தவறான பக்கம் போனால் குழந்தை போச்சு. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சித்லாலி முகமூடியோடு எங்கள் நடுவே நின்றாள். கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கழற்றாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நாய் விஷயத்த உங்க ரெண்டு பேரத் தவிர யார்கிட்டயும் நான் சொன்னதில்ல," என்று நியேவெஸ் தரையைப் பார்த்துச் சொன்னாள். "உங்ககிட்டயும் மாதாகிட்டயும். நாய் அன்னிக்கு முத்தத்துல இல்லன்னு அவனுக்குத் தெரியாது. அவன் தூங்கிக்கிட்டுக் கிடந்தான். அடச்சு வெச்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும்." சித்லாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவு சாத்தியிருந்துச்சு. நான் போறதக் கேட்டுக்கிட்டே உள்ள இருந்துருக்காங்க. நாயோட வாயப் பொத்திக்கிட்டு."

"அப்ப நம்பு."

"அவனும் இத வண்டியில கேட்டுக்கிட்டுத்தான் வருவான்க்கா. காபுலின் யாருன்னு அவனுக்குத் தெரியும். கொழுந்தனுக்கும் தெரியும். அவனும் அத்தையும் ஒரே வீடு." என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு அத்தைய என்ன செய்வாங்க?"

நான் ஆட்டத் தலைவரிடம் போனேன். நாரிஸ்டவுன்காரர், உயரமான மனுஷர், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊர்வலம் தடுப்பைத் தாண்டிப் பூங்காவரை ஆடிப்போகும். அங்கே அவர்களுடைய பஸ் நிற்கும். நான் அரைகுறையாகத்தான் சொன்னேன். முடிக்க விடவில்லை.

"முகமூடிக்குள்ள யாருன்னு நான் கேக்கறதில்ல. எங்கிட்டயும் யாரும் கேக்கக்கூடாது," என்றார். ஓரமாக நின்ற தன் மனைவியைக் கூப்பிட்டார். "அத அவுத்து இந்தம்மாவுக்குக் குடு. நீ அவங்க கடையில உக்காந்து ரெண்டு தமாலே தின்னு. உன்ன அப்புறமா வந்து கூட்டிக்கறேன்."

"அங்கியோட வேர்வையும் சேத்துக் குடுக்கிறேன், மன்னிச்சுக்கம்மா," என்றாள் அவர் மனைவி, அங்கியை உருவிக்கொண்டே.

இறகுத் தொப்பியை நான்தான் கட்டிவிட்டேன். இரண்டு தடவை அவிழ்ந்து மூன்றாவதில்தான் முடிச்சு விழுந்தது. நியேவெஸ் ஏதோ சொன்னாள். முகமூடிக்குள் அது எனக்கு விளங்கவில்லை. விசில் ஊதியது, மேளம் எழுந்தது, அவள் ரோஸ் நிறக் கிழவர்களில் ஒருத்தியாகிப் போனாள்.

நான் கடைக்குத் திரும்பியபோது அவன் அங்கே நின்றான். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்.

"நியேவெஸ் இங்கதான் வேலை பாக்குறாளாமே அக்கா? நான் அவ வீட்டுக்காரன்."

அனாக்லேதோ அவனுக்கு எதிரே அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்துக்குள் அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. கண் சிவந்திருந்தது. வாய் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"நியேவெஸா? இங்க இருக்கறது இவ ஒருத்திதான், நாரிஸ்டவுன்காரி," என்று ஸ்டூலில் உட்கார்ந்து தமாலே பிரித்துக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். அவள் வாய் நிறையத் தமாலேயோடு தலையாட்டினாள்.

அவன் சிரித்தான். "மைக்குல உங்க பேரச் சொன்னாங்களேக்கா." பிறகு தெருவைப் பார்த்தான். ஊர்வலம் அப்போதுதான் எங்கள் கடையைக் கடந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம். அவன் நடைபாதையிலிருந்து இறங்கினான்.

"நியேவெஸ்!"

ஒரு முகமும் திரும்பவில்லை.

அவன் வரிசையோடு சேர்ந்து நடந்தான். குரலை மாற்றினான். அவ்வளவு இனிப்பான குரல். "சித்லாலி! கண்ணு, அப்பா வந்துருக்கேன் பாரு! உனக்கு என்ன வாங்கிட்டு வந்துருக்கேன்னு பாரு!"

"நான் உன் பாட்டன்!" என்று ஒரு முகமூடி கீச்சிட்டது.

"எங்கப்பன் புரட்சியிலயே செத்துட்டான்!"

"எனக்கு என்ன வாங்கிட்டு வந்த? பல்லு வாங்கிட்டு வந்தியா?"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரிக்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தான், அவள் பார்த்தது போலவே. நீல நூல் அங்கி அவனுக்கு ஒரு கை தூரத்தில் சுழன்று வந்தது. நான் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்னக் கிழவன் அவனுக்கு நேராக நின்று, இடுப்பில் கையை வைத்து, கீச்சுக்குரலில் கத்தினான்:

"நான் உன் பாட்டன்டா! பாட்டனப் பாத்தா தொப்பியக் கழட்டுடா!"

சிரிப்பு வெடித்தது. அவன் முகம் கறுத்தது. கை நீண்டது. பிடித்தது பக்கத்திலிருந்த வேறொரு முகமூடியை. ஒரே இழுப்பில் கழற்றிவிட்டான். உள்ளே மளிகைக் கடைக்காரர் மகள் வியர்த்துப்போய், அவமானத்தில் அழ ஆரம்பித்தாள்.

சிரிப்பு நின்றது. எங்கள் தெருவில் அதை யாரும் பொறுக்கமாட்டார்கள். மேளக்காரர்கள் மேளத்தோடு அவனைச் சுற்றி நின்றார்கள். தலைவர் தன் மர வாளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவன் மூக்குக்கு எதிரே மிதித்து மிதித்து ஆடினார். எவரும் அவனை அடிக்கவில்லை. எவரும் வழியும் விடவில்லை. அவன் என்னென்னவோ கத்தினான். மேளத்தில் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் மற்ற முகமூடிகள் ஆடிக்கொண்டே தடுப்பைத் தாண்டின. போலீஸ்காரி தலையாட்டிக்கொண்டே அவர்களுக்கு வழி விட்டாள்.

தலைவர் மனைவியின் கைபேசிக்கு ஓட்டுநரிடமிருந்து பஸ் கிளம்பிவிட்டதாகச் செய்தி வரும்வரை நான் கடைப் பலகையை விடவில்லை.

எவரிஸ்தோ என்னைக் கூப்பிட ஆளை அனுப்பியிருந்தான். நான் போனேன். அவன் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"அந்தப் பெரியம்மாவுக்கு ஏதாவது பதில் சொல்லணுமாக்கா? நேரலை முடியப்போகுது. சொல்லாம விட்டா மனசு ஆறாது எனக்கு."

யோசித்தேன். பெயரைச் சொன்னால் அங்கே அவளுக்கு ஆபத்து. ஊரைச் சொன்னாலும் ஆபத்து. ஹெர்மிலோ இன்னும் தெருவில்தான் நிற்கிறான். சொல்லாமல் விட்டால் அந்தக் கிழவி, மருமகள் பிழைத்தாளா செத்தாளா என்று தெரியாமல் கைபேசிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள், யாராவது அதை அவள் கையிலிருந்து பிடுங்கும்வரை. அல்லது ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்களோ என்னவோ.

"சத்தமா ரேடியோ கேக்குறவங்களுக்கு ஒரு வாழ்த்துன்னு சொல்லு," என்றேன். "இங்கயும் நாய் குரைக்கலன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அவன் பாட்டை முழுக்க நிறுத்திவிட்டு அதைச் சொன்னான். எதிரொலி வைக்கவில்லை.

திரையில் இதயங்கள் ஏறின. யார் யாரோ சிரித்தார்கள். எந்த நாய் என்று ஒருவர் கேட்டார். நான் அந்தச் சின்னப்பெண்ணின் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு அடித்தது. தடுப்புகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எவரிஸ்தோ விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இரு என்றேன். பாட்டில்லாத வெறும் தெருவை அவன் நேரலையில் ஓடவிட்டான். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியில் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் என்று திரை காட்டியது.

அந்த ஒருவர் யார் என்று திரை சொல்லவில்லை. பிறகு அந்த ஒன்றும் இல்லாமல் போயிற்று.